கரடியைக் கண்டுபிடித்தவர் படத்தில் இல்லை

டெடி பியர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் வேட்டைக்குப் போனார். நாள் பூரா அலைந்தும் ஒன்றும் சிக்கவில்லை. கூட வந்தவர்கள் ஒரு குட்டிக் கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி, 'சுடுங்க சார்' என்றார்கள். அவர் மனமிரங்கி 'மாட்டேன்' என்றுவிட்டார். பத்திரிகையில் படம் வந்தது. அதைப் பார்த்த ஒரு மிட்டாய்க் கடைக்காரர் பொம்மை செய்து, ஜனாதிபதியின் செல்லப் பெயரை அதற்கு வைத்தார். சுபம். வாட்ஸப்பிலும் பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையிலும் கதை இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் மூன்று இடம் இடிக்கிறது. முதலில், அது குட்டி இல்லை. 235 பவுண்டு, அதாவது நூறு கிலோவுக்கு மேல் இருந்த வளர்ந்த கரடி. இரண்டாவது, அது பிழைக்கவும் இல்லை. 'இதன் வேதனையை முடித்துவிடுங்கள்' என்ற மாதிரிதான் ரூஸ்வெல்ட் உத்தரவு கொடுத்தார். கூட இருந்தவர்கள் கத்தியால் குத்தி முடித்தார்கள். இந்த இரண்டும் இணையத்தில் கொஞ்சம் தேடினாலே கிடைக்கும், பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம்.

மூன்றாவது இடம்தான் எனக்கு முக்கியம். 'கூட வந்தவர்கள்' என்று கதை யாரைச் சொல்கிறதோ அவருக்குப் பெயர் உண்டு. ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்த கறுப்பின வேட்டைக்காரர். அந்தக் கரடியைத் தேடியது, விரட்டியது, கையால் பிடித்துக் கட்டியது எல்லாம் அவர். உலகத்திலேயே அதிகம் சொல்லப்பட்ட கரடி வேட்டைக் கதையில் கரடியைக் கண்டுபிடித்த ஆளே இல்லை. தற்செயலாக விட்டுப்போனது மாதிரி எனக்குத் தோன்றவில்லை. வேட்டை எழுத்து என்கிற வகைமைக்கே இப்படி ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. சுடுகிற நிமிஷத்தை வைத்துக்கொண்டு தேடின நாட்களை வெட்டிவிடும். ஒரு கார்ட்டூன், ஒரு ஜனாதிபதியின் கட்டுரை, ஃபாக்னரின் ஒரு நெடுங்கதை, இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கத்தரி எங்கெங்கே ஓடியிருக்கிறது என்று தெரியும்.

முதலில் நிலம். மிசிசிப்பி டெல்டா என்றதும் கடலோரக் கழிமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். மிசிசிப்பி, யாசூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் தட்டையான வண்டல் பூமிக்கு அங்கே அந்தப் பெயர். இன்றைக்கு அது பருத்தியும் சோயாவும் விளையும் வயல். 1900 வாக்கில் அதில் கணிசமான பகுதி இன்னும் சதுப்புக் காடு. பெரிய சைப்ரஸ் மரங்கள், ஓக் மரங்கள், கீழே 'கேன்' என்று அவர்கள் சொல்லும் செடி. நம் மூங்கிலுக்குத் தங்கை முறை. பதினைந்து இருபது அடி உயரத்துக்கு, குதிரை நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாக வளரும். மைல்கணக்கில். உள்ளே போக வேண்டுமானால் கத்தியால் வெட்டி வழி பண்ணிக்கொண்டுதான் போக வேண்டும். பத்தடி தள்ளி ஒரு கரடி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு உங்கள் வாசனை எப்போதோ தெரிந்திருக்கும். கரடியின் மூக்கு அப்படி.

ஆக, அந்தக் காட்டில் கரடியை யாரும் 'பார்ப்பது' கிடையாது. மற்றதையெல்லாம் பார்த்துக் கரடியை ஊகிக்க வேண்டும். ஓக் கொட்டைகள் எந்த மேட்டில் இந்த வருஷம் அதிகமாக விழுந்திருக்கின்றன, மக்கின மரக்கட்டையை எது புரட்டிப் போட்டிருக்கிறது, சோளக்கொல்லை ஓரத்தில் எந்தப் பக்கம் தட்டை சாய்ந்திருக்கிறது, எச்சத்தில் என்ன இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கருங்கரடிகள் குளிர்காலத்தில் உள்ளீடற்ற பெரிய மரங்களுக்குள் உயரத்தில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதனால் பட்டையில் இருக்கும் நகக் கீறல் புதுசா பழசா என்று பார்க்கத் தெரிய வேண்டும். கடைசியாக நாய்கள். இருபது முப்பது நாய்கள் புதருக்குள் போனபிறகு வேட்டைக்காரருக்குக் காதுதான் கண். எந்த நாய் குரைக்கிறது, ஓடிக்கொண்டே குரைக்கிறதா, நின்று குரைக்கிறதா, சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது. இதை வைத்து, கரடி இன்னும் அரை மணி நேரத்தில் எந்த இடத்தில் புதரை விட்டு வெளியே வரும் என்று கணிக்க வேண்டும். விருந்தாளியைத் துப்பாக்கியோடு அந்த இடத்தில் முன்கூட்டியே உட்கார வைக்க வேண்டும். இவ்வளவும் ஒருத்தர் செய்து முடித்த பிறகு இன்னொருத்தர் விசையை இழுப்பார். அதற்குப் பெயர் வேட்டை.

நான் சாஃப்ட்வேர்காரன். என் வேலையில் பாதி, யாரோ எழுதின லாக் ஃபைலைப் படிப்பது. கடைசி வரியில் 'ஃபெயில்' என்று இருக்கும். ரிப்போர்ட்டில் எல்லாரும் அந்த வரியைத்தான் ஒட்டுவார்கள். விஷயம் நாலாயிரம் வரிக்கு மேலே இருக்கும். வேட்டைக் கதை படிக்கும்போதும் எனக்குக் கை தானாக மேலே ஸ்க்ரோல் பண்ணப் போய்விடுகிறது.

ஹோல்ட் காலியர் 1846 வாக்கில் மிசிசிப்பியில் ஹைண்ட்ஸ் என்ற குடும்பத்தின் அடிமையாகப் பிறந்தவர். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இறைச்சி கொண்டுவருவதற்காகச் சின்ன வயதிலேயே கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். முதல் கரடியைச் சுட்டபோது வயது பத்து. உள்நாட்டுப் போரில் தன் எஜமானரின் பின்னாலேயே போய், தென் மாநிலங்களின் தரப்பில் ஒரு டெக்சாஸ் குதிரைப்படையோடு ஒற்றராக இருந்தார். ஆமாம், அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட தரப்பில்தான். இந்த ஆளை எந்தக் கட்சியின் சுவரொட்டியிலும் சௌகரியமாக ஒட்ட முடியாது. போருக்குப் பிறகு கரடி வேட்டையே தொழில். ரயில் பாதை போடுகிறவர்களுக்கும் மரம் வெட்டுகிறவர்களுக்கும் கரடி இறைச்சி போய்க்கொண்டிருந்தது.

1902 நவம்பரில் தியோடர் ரூஸ்வெல்ட் வந்தபோது, ஆன்வர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் போட்ட முகாமை நடத்தியவர் காலியர். நவம்பர் 14 காலை ரூஸ்வெல்ட்டை ஓர் இடத்தில் உட்கார வைத்து, 'இங்கேயே இருங்கள், கரடியை இந்த வழியாக ஓட்டிக்கொண்டு வருகிறேன்' என்று ஏற்பாடு. நாய்களும் காலியரும் உள்ளே போனார்கள். மணிக்கணக்காயிற்று. ரூஸ்வெல்ட்டுக்கும் கூட இருந்தவருக்கும் பசி. முகாமுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கரடி சொன்ன பக்கமே வந்தது.

இந்த விவரம் எனக்கு ரொம்பப் பிடித்த விவரம். பிரபலமான கதையில் 'ஒன்றும் சிக்கவில்லை' என்று வருகிறதே, அது சுத்தப் பொய். கணிப்பு சரியாக இருந்தது. ஆள்தான் இடத்தில் இல்லை. ஓடிக் களைத்த கரடி தண்ணீர் தேங்கின ஓர் இடத்தில் நின்று நாய்களோடு சண்டை போட்டது. ஒரு நாயைக் கொன்றும்விட்டது. காலியர் சுட்டிருக்கலாம், ஆனால் ஜனாதிபதிக்காகக் கரடியை விட்டுவைக்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த உத்தரவு. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கரடியின் மண்டையில் அடித்தார். பிறகு கழுத்தில் சுருக்குக் கயிறு போட்டு வில்லோ மரத்தில் கட்டினார். கொம்பு ஊதி ஆளைக் கூப்பிட்டார். ஐம்பத்தாறு வயது மனிதர், உயிரோடு நிற்கும் கரடியை, சுடாமல். அந்த நாளில் நடந்த அசாதாரணமான காரியம் இதுதான் என்று நான் சொல்வேன். ரூஸ்வெல்ட் குதிரையில் வந்து பார்த்தார். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகில்லை என்று மறுத்தார். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சரியான முடிவு, உடனே எடுத்த முடிவு. அதற்குப் பிறகு கத்தி.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, வாஷிங்டன் போஸ்ட்டில் கிளிஃபோர்ட் பெரிமேன் கார்ட்டூன் வந்தது. முன்னால் ரூஸ்வெல்ட், முதுகைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி 'வேண்டாம்' என்கிறார். பின்னால் கரடி. கழுத்துக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவர் வெள்ளைக்காரர். கீழே தலைப்பு: 'மிசிசிப்பியில் கோடு கிழிக்கிறார்'.

எந்தக் கோடு? லூசியானாவுக்கும் மிசிசிப்பிக்கும் நடந்த எல்லைத் தகராறைத் தீர்க்க ரூஸ்வெல்ட் போயிருந்தார், அதைத்தான் கார்ட்டூன் குத்துகிறது என்று பல தளங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. அந்தத் தகராறு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1906-இல் தீர்ந்தது. ஜனாதிபதி காட்டில் உட்கார்ந்து தீர்க்கிற விஷயமே இல்லை. அன்றைய வாசகருக்குத் தென் மாநிலத்தில் 'கோடு' என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது நிறக்கோடு. அதற்கு முந்தின வருஷம்தான், 1901 அக்டோபரில், கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் இரவு உணவுக்கு அழைத்து, தெற்கு முழுவதும் வசவு வாங்கியிருந்தார் ரூஸ்வெல்ட். அப்படிப்பட்டவர் மிசிசிப்பிக்கு வந்து 'இந்த அளவோடு நிறுத்து' என்கிறார் என்று படிக்கும்போதுதான் தலைப்பில் காரம் வருகிறது. இது என் வாசிப்புதான். ஆனால் இப்படி வாசித்தால் படத்தின் விசித்திரம் இன்னும் கூடுகிறது. நிறக்கோட்டைப் பற்றிய கார்ட்டூனில், உண்மையிலேயே அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கறுப்பினத்தவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளையரை நிற்க வைத்திருக்கிறார் ஓவியர். வாஷிங்டனில் உட்கார்ந்து வரைந்தவருக்கு நிஜமாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். இருக்கட்டும், தெரியாத இடத்தைக் கை எதைக்கொண்டு நிரப்பியது என்பதுதானே கேள்வி.

கரடிக்கும் அதே கதி. முதல் படத்தில் அது ஓரளவுக்குக் கரடி. அடுத்தடுத்து வரைந்தபோது சின்னதாகி, காது உருண்டு, கண் பெரிதாகி, நடுங்க ஆரம்பித்துவிட்டது. கூகுளில் தேடினால் அதிகம் வருவது இந்தப் பிந்தைய படம்தான், குட்டி என்ற நம்பிக்கை இங்கிருந்து கிளம்பியதுதான். புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மிச்டம் தம்பதி செய்த பொம்மையும், ஏறக்குறைய அதே நேரத்தில் ஜெர்மனியில் ஸ்டைஃப் நிறுவனம் செய்த பொம்மையும் மிச்ச வேலையை முடித்தன. நாயைக் கொன்ற நூறு கிலோ மிருகம் போய்விட்டது. கரடி எவ்வளவு சின்னதாகிறதோ, அதைப் பிடித்தவரின் திறமையும் அவ்வளவு சின்னதாகிறது. குட்டியைப் பிடிப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம் இருக்கிறது?

ஐந்து வருஷம் கழித்து, 1907 அக்டோபரில் ரூஸ்வெல்ட் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை லூசியானா பக்கம், டென்சா என்ற ஓடைக் கரை. காலியரும் இருந்தார். பெஞ்சமின் லில்லி என்ற இன்னொரு விசித்திர வேட்டைக்காரரும் இருந்தார். பல நாள் அலைந்த பிறகு ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு பெண் கரடி கிடைத்தது. அதைப் பற்றி அவரே எழுதின நீண்ட கட்டுரை 1908 ஜனவரி ஸ்கிரிப்னர்ஸ் இதழில் வந்தது.

நல்ல கட்டுரை என்றுதான் சொல்ல வேண்டும். ரூஸ்வெல்ட்டுக்குக் கண் கூர்மை. மரங்கள், பறவைகள், சதுப்பின் வெளிச்சம் எல்லாவற்றையும் இனம் பிரித்து எழுதுகிறார். முகாமில் கொன்றதையெல்லாம் கணக்குப் போட்டு, மூன்று கரடி, ஆறு மான் என்று ஆரம்பித்து, காட்டுப் பூனையைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிட்டோம் என்று நேர்மையாகச் சொல்கிறார். காலியரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். மூவாயிரம் கரடிகளுக்கு மேல் கொன்றிருப்பார், அல்லது கொல்லத் துணையாக இருந்திருப்பார் என்கிறார். ஆனால் பாராட்டின் குரலைக் கவனியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் ஆப்பிரிக்கத் தலைவனின் கம்பீரம், என்கிற ரீதியில் போகிறது. ஆளை வர்ணிக்கிறார், ஆளின் வேலையை வர்ணிக்கவில்லை. காலியர் தலையில் என்ன கணக்கு ஓடியது, ஏன் இந்தப் பக்கம் போனார், ஏன் அங்கே நின்றார் என்று ஒரு கேள்வி கூட ரூஸ்வெல்ட் கேட்ட மாதிரி இல்லை. பறவையின் அலகைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்கிற மனிதர்.

(நம் ஊர்க் காடுகளைப் பற்றி எழுதின கென்னத் ஆண்டர்சன் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. அன்றைய சேலம் மாவட்டத்துக் காட்டில் தனக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்த பைராவை அவர் ஒரு கதாபாத்திரமாகவே எழுதியிருப்பார். அது தனிப் பதிவு.)

மூவாயிரம் என்ற எண்ணைக் கொஞ்சம் கிள்ளிப் பார்ப்போம். அப்போது காலியருக்கு அறுபது வயது இருக்கும். பத்து வயதில் ஆரம்பித்தார் என்றால் ஐம்பது வருஷம். வருஷத்துக்கு அறுபது கரடி. விளையாட்டு வேட்டைக்கு இது நம்ப முடியாத எண். இறைச்சி வியாபாரத்துக்கு, நாய்ப் படையோடு, நடக்கக்கூடியதுதான். நடக்கக்கூடியது என்பதுதான் பயமாக இருக்கிறது. காலியரை நான் புனிதராக்கப் போவதில்லை. கரடியைக் கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆள் இல்லை என்றால், கரடி இல்லாமல் போனதிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது. அந்த இறைச்சியைத் தின்றவர்கள் ஒரு பக்கம் காட்டை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். கரடி, காடு, கரடி தேடும் வித்தை மூன்றும் ஒரே ரயில் பாதையில் போய்விட்டன. மிசிசிப்பி 1932-இல் கரடி வேட்டையைத் தடை செய்தபோது காப்பாற்ற அங்கே அதிகம் மிச்சமில்லை. காலியர் அதற்கப்புறமும் நாலு வருஷம் இருந்தார். 1936-இல் கிரீன்வில் ஊரில் இறந்தபோது தொண்ணூறை நெருங்கியிருந்தார்.

இப்போது ஃபாக்னர். வில்லியம் ஃபாக்னரின் 'கரடி', 1942-இல் வந்த 'கோ டவுன், மோசஸ்' புத்தகத்தில் இருக்கிற நெடுங்கதை. இதே மிசிசிப்பிக் காடு, 1877-இலிருந்து சில வருஷங்கள். ஓல்டு பென் என்ற கிழக் கரடி, அதைத் தேடி வருஷாவருஷம் போகிற கூட்டம், அதில் பத்து வயதில் சேரும் ஐக் என்ற பையன். அவனுக்குக் காட்டைக் கற்றுக்கொடுக்கிற சாம் ஃபாதர்ஸ், சிக்கசா பழங்குடித் தலைவனுக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர்.

வேட்டை எழுத்தில் நான் படித்தவரைக்கும், தேடுவதையே கதையின் நடுவில் வைத்த ஒரே பெரிய படைப்பு இது. பையனுக்குக் கரடி கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் வரை அது உன்னைப் பார்க்கும், நீ அதைப் பார்க்க மாட்டாய் என்று சாம் புரியவைக்கிறார். பையன் துப்பாக்கியை முகாமில் விட்டுவிட்டுப் போகிறான். அப்பவும் இல்லை. கடைசியில் கடிகாரத்தையும் திசைகாட்டியையும் ஒரு புதரில் மாட்டிவிட்டு நடக்கிறான். வழி தப்புகிறது. தப்பின இடத்தில் ஈரமண்ணில் காலடித் தடம், அதில் அப்போதுதான் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு புதுசு. அந்தத் தடங்களின் பின்னாலேயே போனால், கரடி. கொஞ்ச நேரம் நிற்கிறது, போய்விடுகிறது. அந்தத் தண்ணீர் ஊறும் தடம் ஒன்று போதும். வேட்டைக்காரர்கள் எழுதின ஆயிரம் பக்கத்தில் இல்லாத ஒரு விஷயம் அதில் இருக்கிறது. கண்டுபிடிப்பது என்றால் என்னவென்று அதில் தெரிகிறது.

சுட மறுப்பதும் இதில் உண்டு. ஒரு சின்ன நாய் வெறிபிடித்த மாதிரி ஓல்டு பென் மேலே பாய்கிறது. நாயைக் காப்பாற்ற ஐக் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி, கரடியின் காலடியிலேயே போய் நிற்கிறான். சுட்டிருக்கலாம். சுடவில்லை. பக்கத்தில் துப்பாக்கியோடு இருந்த சாமும் சுடவில்லை. ரூஸ்வெல்ட்டின் மறுப்போடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே கரடி கட்டப்பட்டிருக்கிறது, சுற்றிலும் ஆட்கள், மறுப்பது ஒரு பொது அறிவிப்பு. இங்கே பார்க்க ஆளில்லை, ஏன் சுடவில்லை என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஓல்டு பென்னும் துப்பாக்கியால் சாகவில்லை, பூன் என்ற கூட்டாளி கத்தியால் குத்துகிறான். 1902-ஐ மனதில் வைத்து ஃபாக்னர் எழுதினாரா என்று என்னைக் கேட்காதீர்கள், ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தக் கத்தி உறுத்தும்.

பாராட்டு போதும், குறைக்கு வருகிறேன். கரடி செத்த அன்றே சாம் சரிந்து விழுகிறார், சில நாளில் சாகிறார். கவித்துவமாக இருக்கிறது. வசதியாகவும் இருக்கிறது. காட்டோடு சேர்ந்து காட்டைத் தெரிந்தவரும் போய்விட்டால், அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நிஜத்தில் காலியர் சாகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல், நாய்கள் வயதாகிச் சாக, காடு பருத்தி வயலாக, ஊருக்குள் இருந்தார். அந்த முப்பது வருஷத்தை எழுதுகிற ஃபாக்னர் இனிமேல்தான் வர வேண்டும். சாம் பேசுவதும் மிகக் குறைவு. அவர் ஒரு பூசாரி மாதிரி நிற்கிறார். அவர் தலைக்குள்ளும் நாம் போவதில்லை.

ஆனால் ஃபாக்னர் ரூஸ்வெல்ட் செய்யாத ஒன்றைச் செய்தார். கதையின் நாலாம் பகுதியில் காடே இல்லை. ஐக் பதினாறு வயதில் தன் குடும்பத் தோட்டத்தின் பழைய கணக்குப் புத்தகங்களைப் படிக்கிறான். அடிமைகளை வாங்கினது, விற்றது, செத்தது, கூலி, கடன். அப்பாவும் பெரியப்பாவும் கிறுக்கி வைத்த அரைகுறை வரிகள். கிறிஸ்துமஸ் அன்று ஒரு பெண் நீரில் மூழ்கிச் செத்தாள் என்று ஒரு வரி. ஏன் என்று இல்லை. தேதிகளையும் பெயர்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி, தன் தாத்தா அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த தன் சொந்த மகளிடமே குழந்தை பெற்றார் என்பதைப் பையன் கண்டுபிடிக்கிறான். இருபத்தொரு வயதில் சொத்து வேண்டாம் என்கிறான். சாம் கற்றுக்கொடுத்த வேலை இதேதான். எதுவும் நேரில் தெரியாத இடத்தில், தடத்தை வைத்து, அங்கே எது நடந்து போனது என்று ஊகிப்பது. காட்டில் கற்ற வித்தை கணக்குப் புத்தகத்தில் வேலை செய்கிறது. இந்த இணைப்புதான் கதையின் முதுகெலும்பு.

அந்த நாலாம் பகுதியைத்தான் வெட்டினார்கள். 1942 மே மாதம் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டில் வந்த சிறுகதை வடிவத்தில் அது கிடையாது. 1955-இல் ஃபாக்னரின் வேட்டைக் கதைகளைத் தொகுத்து 'பிக் உட்ஸ்' வந்தபோதும் அது இல்லை. வேட்டைப் புத்தகத்தில் அடிமைக் கணக்கு எதற்கு என்பதுதான் நியாயமாக இருந்திருக்கும். பெரிமேன் காலியரை வரையாமல் விட்டதும் இந்த வெட்டும் எனக்கு ஒரே கையெழுத்தாகத் தெரிகிறது. இந்தத் தடவை ஆசிரியரும் உடன்பட்டுத்தான் நடந்தது என்பதுதான் வித்தியாசம்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இன்றைக்கும் அமெரிக்காவில் கரடி வேட்டை பற்றிய சண்டை எதைப் பற்றி நடக்கிறது தெரியுமா? சுடுவதைப் பற்றி இல்லை, கண்டுபிடிப்பதைப் பற்றித்தான். நாய் விட்டுத் தேடலாமா, இரை வைத்து வரவழைக்கலாமா என்று. கொலராடோ மக்கள் 1992-இல் வாக்களித்து இரண்டையும் தடை செய்தார்கள். மெய்ன் மாநிலத்தில் 2004-லும் 2014-லும் அதே கேள்வி வாக்குக்கு வந்து இரண்டு தடவையும் தோற்றது. எதிர்ப்பவர்கள் சொல்வது, அது நியாயமான வேட்டை இல்லை என்று. அந்த 'நியாயமான துரத்தல்' என்ற கொள்கையைப் பரப்பின பூன் அண்ட் க்ராக்கெட் சங்கத்தை 1887-இல் தொடங்கினவர்களில் முக்கியமானவர் சாட்சாத் ரூஸ்வெல்ட்தான். கட்டின கரடி நியாயமில்லை, சரி. ஆனால் முப்பது நாயும் காலியரும் மணிக்கணக்காகத் துரத்தி, களைக்க வைத்து, உட்கார்ந்திருக்கிற இடத்துக்கே கொண்டுவந்து தந்திருந்தால் அது நியாயம்! கயிறு ஒன்றுதான் வித்தியாசம். விசையை இழுக்கிற நிமிஷத்துக்கு மட்டும் தர்மம் பேசினால் இப்படித்தான் கோணலாகும். மெய்ன் மாநிலத்து வேட்டைக்காரர்களின் பதில் இதில் எனக்கு நேர்மையாகவே படுகிறது: அடர்ந்த காட்டில் இரையும் நாயும் இல்லாவிட்டால் கரடியைக் கண்ணால் பார்க்கவே முடியாது என்கிறார்கள். முடியாதுதான். அப்படியானால் வேட்டை என்பதில் உங்கள் பங்கு என்ன என்பதற்கு மட்டும் பதில் வருவதில்லை.

லூசியானாக் கருங்கரடி 1992-இல் அருகிவரும் இனப் பட்டியலில் ஏறி, 2016-இல் நீக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அந்த மாநிலம், 1987-க்குப் பிறகு முதன்முறையாக, குலுக்கல் முறையில் ஒரு சிலருக்கு மட்டும் கரடி வேட்டை அனுமதி கொடுத்தது. ஆற்றுக்கு மறுபக்கம் மிசிசிப்பியில் இன்றைக்கும் அனுமதி இல்லை. அங்கே ரூஸ்வெல்ட் பெயரில் ஒரு வனவிலங்குச் சரணாலயமும், காலியர் பெயரில் இன்னொன்றும் இருக்கின்றன.

படிக்க நினைப்பவர்களுக்கு: ஃபாக்னரை 'பிக் உட்ஸ்' பதிப்பில் தொடங்க வேண்டாம், 'கோ டவுன், மோசஸ்' எடுங்கள். நாலாம் பகுதியில் ஒரே வாக்கியம் பக்கக்கணக்காக ஓடும், பாதியில் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. பையனின் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம். ரூஸ்வெல்ட்டின் கட்டுரை காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காலியரைப் பற்றி மைனர் ஃபெரிஸ் புக்கானன் 2002-இல் எழுதின வாழ்க்கை வரலாறு இருக்கிறது. கார்ட்டூனைத் தேடும்போது நடுங்குகிற கரடி வந்தால் அது பிந்தினது, இன்னும் கொஞ்சம் கீழே போய் 1902 தேதியிட்டதைப் பாருங்கள். கயிற்றைப் பிடித்திருக்கிறவரின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.